சைக்கிளை விட்டு இறங்காதீர்கள்!



அண்மையில் சிகாமட்டில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியில் மூழ்கிக் கிடந்த இளைஞர்களைக் காட்டிச் சலித்துக்கொண்டார். "அந்தக் காலத்துல தோட்டத்துல எவ்வளவு மரியாதை இருந்துச்சு! இப்ப உள்ள பிள்ளைங்களுக்குப் பெரியவன் சின்னவன் தெரியல. நம்ம ஜனங்க கெட்டுப் போச்சு தம்பி!"

மேசையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தபிறகு தூக்கம் வரவில்லை. அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா சிகாமட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்கள் லயத்திலிருந்து கடைக்குப் போகும் செம்மண் ரோடு துரை பங்களாவைச் சுற்றிக்கொண்டுதான் போகும். பங்களா வேலி தொடங்கும் வளைவு வந்ததும் அப்பா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். வேலி முடியும்வரை தள்ளிக்கொண்டே நடப்பார். பிறகுதான் மறுபடி ஏறுவார். பின்னாளில் கடன் வாங்கி ஒரு பழைய ஹோண்டா மோட்டார் வாங்கினார். அதற்குள் வெள்ளைக்கார துரை கப்பலேறிப் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பங்களாவில் இருந்தவர் உள்ளூர் நிர்வாகி. யாரும் இறங்கச் சொல்லவில்லை. அப்படியும் அப்பா வளைவு வந்ததும் மோட்டாரை அணைத்துவிட்டு, என்னையும் இறக்கிவிட்டு, தள்ளிக்கொண்டு போவார்.

"ஏம்பா?" என்று கேட்டேன். எனக்கு அப்போது பத்து வயது.

"மரியாதைடா."

அதே அப்பா வீட்டு வாசலை மிதித்ததும் அம்மாவை எப்படிக் கூப்பிடுவார் தெரியுமா? "ஏய் கழுதை, தண்ணி கொண்டா!" அம்மாவுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அப்பா வாயால் நான் கேட்டதே இல்லை.

வாசகர்களே, கல்யாண வீட்டில் நான் தலையாட்டியது தவறு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் காலத்தில் இருந்தது மரியாதை இல்லை. அது பயம். பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்து நம்மிடம் கொடுத்தார்கள். நாமும் சொத்து மாதிரி அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்!

மரியாதை மேலே ஏறியது, வசவு கீழே இறங்கியது

தோட்டத்தின் ஏணிப்படியை நினைத்துப் பாருங்கள். உச்சியில் பெரிய துரை. அவருக்குக் கீழே சின்ன துரை. பிறகு பெரிய கிராணி, கிராணி, மண்டோர், கங்காணி. எல்லாருக்கும் கீழே தொழிலாளி. மேலே பார்த்துப் பேசும்போது "ங்க" போட வேண்டும். கீழே பார்த்துப் பேசும்போது "டா" போடலாம். நம் பாட்டன்மார் நாள் முழுக்க "ங்க" போட்டார்கள். அவர்களுக்கு ஒருநாளும் ஒரு "ங்க" திரும்பி வரவில்லை.

துரைமாருக்குத் தமிழே தெரியாது, அதனால் அப்படிப் பேசினார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பொய்! அவர்கள் தமிழ் படித்தார்கள். புத்தகம் வைத்தே படித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு வந்த இளம் வெள்ளைக்காரர்களுக்காக ஏ. எம். பெர்குசன் என்பவர் கொழும்பில் ஒரு கையடக்கத் தமிழ் வழிகாட்டி போட்டார். அதன் தலைப்பே "இங்கே வா!" பிறகு 1915இல் வெல்ஸ் என்பவர் இன்னொரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பு "கூலித் தமிழ்." மலாயாவில் ஆரம்பத்தில் தோட்டம் போட்ட துரைமாரில் பலர் இலங்கையில் தொழில் பழகி வந்தவர்கள்தான். அங்கே பழகிய தமிழும் அவர்களோடு கப்பலேறி வந்தது.

நம் மொழியில் நீ இருக்கிறது, நீங்கள் இருக்கிறது. வா இருக்கிறது, வாங்க இருக்கிறது. ஐயா, அண்ணே, அக்கா, பெரியம்மா என்று உறவு வைத்து அழைக்க ஆயிரம் வழி இருக்கிறது. இத்தனை வாசல் உள்ள வீட்டில் துரை ஒரே ஒரு வாசலைத்தான் தெரிந்துகொண்டார். வா, போ, வெட்டு, தூக்கு. எழுபது வயதுக் கிழவனுக்கும் அதே "வா." ஏழு வயதுப் பையனுக்கும் அதே "வா." மொழி தெரியாத குறையா இது? யாரிடம் எந்தச் சொல்லைப் பேசினால் போதும் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட படிப்பு ஐயா இது!

பெரட்டுக் களத்தில் வசவு ஏன்?

விடியற்காலையில் பெரட்டு. இருட்டில் ஆள் கணக்கு எடுப்பார்கள். ஒருவன் காய்ச்சலில் படுத்திருப்பான். கங்காணி லயத்துக் கதவை உதைப்பார். காது கூசும் வார்த்தைகள் வரும். அவன் தாயையும் இழுப்பார், பெண்டாட்டியையும் இழுப்பார்.

கங்காணி பிறவியிலேயே கெட்ட மனுஷனா? இல்லை. அவர் வாயில் வந்த வசவுக்குப் பின்னால் ஒரு காசுக் கணக்கு இருந்தது. கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அவர் கூட்டிவந்த ஆட்களில் அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ, அத்தனை தலைக்கும் அவருக்குச் சில காசு கிடைக்கும். ஓர் ஆள் படுத்துவிட்டால் கங்காணியின் பையில் ஓட்டை. அதனால் உதைத்தார். அதனால் திட்டினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த துரை கையை அழுக்காக்கிக்கொள்ளத் தேவையே இல்லை. தமிழனை அவமானப்படுத்தும் வேலையைத் தமிழனுக்கே குத்தகைக்கு விட்டாயிற்று!

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. சட்டம் ஒழிந்தது. வாய் ஒழியவில்லை. ஒப்பந்தம் இருந்தபோது வேலையை விட்டு ஓடினால் சிறை என்று மிரட்டினார்கள். அது போனபிறகு அடக்கி வைக்கக் கடனும் வசவும்தான் மிச்சம். கெட்ட வார்த்தை அங்கே ஒரு வேலைக் கருவி. பால் வெட்டும் கத்தி எப்படியோ, அப்படி.

பாலசுந்தரத்தின் தலைத்துண்டு

இது மலாயாவில் மட்டும் நடந்த கொடுமை இல்லை. தமிழன் கூலியாகக் கப்பலேறிய இடமெல்லாம் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைக் காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1894ஆம் வருடம். டர்பன் நகரில் காந்தி இளம் வக்கீல். ஒரு நாள் பாலசுந்தரம் என்ற தமிழர் அழுதுகொண்டே அவர் முன்னால் வந்து நின்றார். ஒப்பந்தக் கூலி. துணி கிழிந்திருந்தது. வாயில் இரத்தம். முன்பல் இரண்டு உடைந்திருந்தன. அடித்தது அவருடைய வெள்ளைக்கார முதலாளி. அந்த நிலைமையிலும் பாலசுந்தரம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். வெள்ளைக்காரன் முன்னால் போகும்போது இந்தியன் தலையில் இருப்பதைக் கழற்ற வேண்டும் என்று அங்கே பழக்கி வைத்திருந்தார்கள். காந்தியிடமும் அதே மாதிரி நடக்க வேண்டும் என்று பாலசுந்தரம் நினைத்துவிட்டார்.

வழக்கைக் கேட்பதற்கு முன்னால் காந்தி அவரைத் தலைத்துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கித்தான் கட்டினார். ஆனால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்ததாம். பல் உடைந்த மனிதனுக்கு, அழுதுகொண்டு வந்த மனிதனுக்கு, ஒரு துண்டைத் தலையில் கட்டியதில் சந்தோஷம்! பின்னர் காந்தி அவரை வேறொரு முதலாளியிடம் மாற்றிவிட்டார்.

இதைப் படிக்கும்போது எனக்கு அப்பாவின் சைக்கிள்தான் கண்ணில் நிற்கிறது. அங்கே தலைத்துண்டு, இங்கே சைக்கிள். அந்த ஊரில் ஒரு காந்தி கட்டிக்கொள்ளச் சொன்னார். இங்கே "ஏறி உட்கார்" என்று சொன்னது யார்?

சொன்னார்கள் ஐயா. நம் ஆட்களேதான் சொன்னார்கள்.

கிள்ளான், 1941

1941இல் சிலாங்கூர் மாநிலத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. தமிழ்த் தொழிலாளிக்கு நாளுக்கு 50 காசு கூலி. சீனத் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதல். போர் நடந்துகொண்டிருந்த நேரம். ரப்பருக்கு உலகமெங்கும் கிராக்கி. முதலாளிக்குப் பணம் கொட்டியது. தொழிலாளிக்கு விலைவாசிதான் ஏறியது.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதனும் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். கோரிக்கைகளை ஒரு பட்டியலாக வைத்தார்கள். அந்தப் பட்டியலைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

சீனருக்குச் சமமான கூலி வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். கொடுமை செய்யும் கிராணிமாரை நீக்கி, தமிழ் பேசும் ஆட்களை வைக்க வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும். பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும். குறையைச் சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. வெள்ளைக்காரர்களும் "கறுப்பு வெள்ளைக்காரர்களும்" எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும்.

இவற்றோடு இன்னொன்று. துரைமார் முன்னிலையிலும் கிராணிமார் முன்னிலையிலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை வேண்டும்!

பார்த்தீர்களா? கூலி, கல்வி, மருந்து, இவற்றுக்குப் பக்கத்திலேயே சைக்கிளை வைத்தார்கள். "இது சின்ன விஷயம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர்கள் நினைக்கவில்லை. வயிறு காய்ந்தவனுக்கும் மானம் உண்டு என்று எழுத்தில் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், கள்ளில் கிடப்பவர்கள், கூலிகள் என்று எல்லோரும் இளக்காரமாகப் பார்த்த மக்கள் இவர்கள்.

"கறுப்பு வெள்ளைக்காரர்" என்ற சொல்லையும் கவனியுங்கள். தோல் கறுப்பு, வாய் வெள்ளைக்காரன் வாய். ஆண்டையைப் பார்த்து ஆண்டையின் திமிரைக் கற்றுக்கொண்ட நம் ஆட்களுக்கு நம் பாட்டன்மார் வைத்த பெயர் அது. இன்றைக்கும் அந்தப் பெயருக்குப் பொருத்தமான ஆட்கள் குறைந்துவிடவில்லை.

பதில் என்ன கிடைத்தது? மே மாதத் தொடக்கத்தில் நாதனைப் பிடித்து அடைத்தார்கள். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். கைதைக் கண்டித்து வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுக்கப் பரவியது. நமக்குப் பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானையும் தொட்டது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இராணுவத்தை இறக்கினார்கள். ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள்.

சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக வேண்டும் என்று கேட்ட மக்களுக்குத் துப்பாக்கி பதில் சொன்னது. இதுதான் ஐயா "அந்தக் காலத்து மரியாதை"!

துரை போனார், அறை வந்தது

அதே வருடக் கடைசியில் ஜப்பான்காரன் வந்து இறங்கினான். 1942 ஜனவரியில் சிகாமட்டும் அவன் கைக்குப் போனது. சலாம் போட்ட தலை இப்போது இடுப்புவரை குனிய வேண்டியதாயிற்று. ரோட்டில் நிற்கும் காவல் சிப்பாய்க்கு முன்னால் குனியாவிட்டால் கன்னத்தில் அறை. அந்த அறையைத் துரையும் வாங்கினார், கிராணியும் வாங்கினார், தொழிலாளியும் வாங்கினான். நேற்றுவரை சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னவர்கள் ரோட்டோரத்தில் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றதை நம் ஜனங்கள் பார்த்தார்கள்.

சயாம் மரண ரயிலுக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போன கொடுமையை இங்கே ஒரு வரியில் சொல்லிக் கடக்க மனமில்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1943இல் நேதாஜி வந்தபிறகு தோட்டத்து ஆண்களும் பெண்களும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் பால்மரம் வெட்டிய பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். "சலாம் தொரை" என்று மட்டுமே பழகிய வாய் "ஜெய் ஹிந்த்" என்று சொல்லக் கற்றது. சலாம் கீழிருந்து மேலே மட்டும் போகும். ஜெய் ஹிந்த் சொன்னால் எதிரே நிற்பவரும் ஜெய் ஹிந்த் சொல்ல வேண்டும். நம் ஜனங்களுக்கு வணக்கம் திரும்பி வந்தது அப்போதுதான்.

போர் முடிந்து துரைமார் திரும்பி வந்தபோது பழைய கூலிகள் அங்கே இல்லை. 1946, 47இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்தது. பிறகு சங்கங்கள் வந்தன. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. கூலிக்குப் பேச்சுவார்த்தை நடக்கத் தொடங்கியது. ஆனால் எங்கள் அப்பா மட்டும் அந்த வளைவில் இறங்கிக்கொண்டே இருந்தார். சட்டம் மாறப் பத்து வருடம் போதும். முதுகெலும்பு நிமிர மூன்று தலைமுறை ஆகிறது.

நம் சொல்லை எடுத்து நம்மையே அடித்தார்கள்

கூலி என்பது நல்ல தமிழ்ச் சொல். செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். அதை மனிதனுக்கே பெயராக வைத்து, உலகம் முழுக்க வசவாக்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் வக்கீல் காந்தியே அவர்களுக்குக் "கூலி வக்கீல்"தான். நம்முடைய மரியாதைச் சொல்லான "சாமி"யைக் கூட அங்கே விட்டு வைக்கவில்லை. எந்த இந்தியனைக் கண்டாலும் "சாமி" என்று கூப்பிட்டுக் கேலிச் சொல்லாக்கினார்கள்.

இங்கே "கெலிங்." ஆரம்பத்தில் இது வசவே இல்லை. கலிங்க நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல் என்பார்கள். மலாக்காவில் 1748இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. வசவைக் கொண்டுபோய்த் தொழும் இடத்துக்கு யாராவது பெயராக வைப்பார்களா?

சிகாமட்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு தனித் தொடர்பும் உண்டு. நம் ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். 1511இல் மலாக்கா போர்ச்சுகீசியர் கையில் விழுந்தபோது தப்பி வந்த பெண்டஹாரா, இங்கே ஆற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு "செகார் அமாட்" என்றாராம். எவ்வளவு குளிர்ச்சி என்று அர்த்தம். அவருக்கு முன்னால் பெண்டஹாராவாக இருந்தவர் துன் முத்தாஹிர். அவருடைய பரம்பரை "பெனுவா கெலிங்"கிலிருந்து, அதாவது நம் நாட்டிலிருந்து, வந்தது என்று செஜாரா மெலாயு சொல்கிறது. மலாக்கா அரசில் சுல்தானுக்கு அடுத்த பதவி அது! அன்றைக்கு கெலிங் என்றால் கப்பல் உடையவன், பெரிய வியாபாரி, மந்திரி குடும்பம்.

சொல் எப்போது அழுகியது? அந்தப் பெயரோடு வந்தவன் கையில் மண்வெட்டியும் தோளில் காண்டாவும் ஏறியபிறகுதான். சொல்லில் ஒரு மாற்றமும் இல்லை. நம் நிலைமை மாறியது, அதோடு சொல்லின் மரியாதையும் போனது.

இப்போது "தம்பி" என்ற சொல்லையும் அப்படித்தான் செய்கிறார்கள். நம் வீட்டில் தம்பி என்றால் பாசம். ஆனால் வெளியே ஆபீஸ் எடுபிடிக்கும் காவலாளிக்கும் அது பெயராகிவிட்டது. அறுபது வயது ஜாகாவை இருபது வயதுப் பிள்ளை "தம்பி" என்று கூப்பிடும்போது, அந்த வாயில் பாசமா இருக்கிறது?

இப்போது நம் வாயைக் கழுவுவோம்

இதுவரை படித்துவிட்டு "சரியாகச் சொன்னாய்" என்று கைதட்டியவர்களே, கொஞ்சம் பொறுங்கள். இனி வருவது நமக்கு.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் நம் ஊர்க் கிராமத்தில் என்ன வாழ்ந்தது? ஆண்டை தெருவில் செருப்போடு நடக்க முடியாத மனிதர்கள் இருந்தார்கள். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டச் சொன்னார்கள். தாத்தா வயதுள்ளவரை ஆண்டை வீட்டுப் பொடியன் "டேய்" என்று கூப்பிட்டான். ஒரு சாதியின் பெயரையே உலக மொழிகளுக்கெல்லாம் வசவாக ஏற்றுமதி செய்தவர்கள் நாம்தான். ஆங்கிலத்துக்குள் அந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. மலாயிலும் அது இழிசொல்லாக நிலைத்துவிட்டது. 2011இல் "இந்தர்லோக்" நாவல் ஐந்தாம் படிவப் பாடநூலாக வந்தபோது அந்தச் சொல்லுக்காக நாம் கொதித்தெழுந்தோம். நியாயம்தான். நூலையும் பிறகு பாடத்திட்டத்திலிருந்து எடுத்தார்கள். ஆனால் அதே சொல்லை நம் கல்யாணப் பேச்சில், நம் சண்டையில், நம் சமையலறையில் யாரும் பயன்படுத்தவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா?

1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த இயக்கத்தின் பெயரே சுயமரியாதை. அதில் உள்ள "சுய" என்ற இரண்டெழுத்தை நாம் இன்னும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

இன்னொன்று கேட்கிறேன். இன்றைக்குச் சிகாமட், லாபிஸ், ஜெமந்தா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர் யார்? தொழிற்சாலை விடுதியில் எட்டுப் பேர் ஓர் அறையில் படுப்பவர் யார்? வங்காளதேசத்துக்காரர், நேப்பாளி, இந்தோனேசியர். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளை குட்டியை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். நம் பாட்டன் வந்த அதே வழி! அவர்களுக்கு மண்டோராக நிற்பவர் பல இடங்களில் நம் தமிழர்தான். அவர் வாயிலிருந்து என்ன வருகிறது? "டேய், இங்கே வா!" நூறு வருடத்துக்கு முந்தைய புத்தகத்தின் தலைப்பை நாம் மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். பாட்டன் கறுப்பு வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தான். பேரன் கறுப்பு வெள்ளைக்காரனாக வேலை பார்க்கிறான்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். துரை கிராணியைத் திட்டினார். கிராணி கங்காணியைத் திட்டினார். கங்காணி அப்பாவைத் திட்டினார். அப்பா அம்மாவைத் திட்டினார். அம்மா என்னை அடித்தார். நான் நாயை உதைத்தேன். துரை வீசிய கல் கடைசியில் வந்து விழுந்த இடம் அதுதான். இளைஞர்களுக்கு மரியாதை தெரியவில்லை என்கிறோமே, அவர்கள் மரியாதையை எங்கே பார்த்தார்கள்? குனிவதைப் பார்த்தார்கள், உதைப்பதைப் பார்த்தார்கள். குனிய மாட்டேன் என்று ஒரு பாதியை விட்டுவிட்டார்கள். உதைக்க மாட்டேன் என்று மறுபாதியையும் விட நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

முகப்பில் நிற்கும்போது

சில வருடங்களுக்கு முன்னால் என் அத்தையை ஓர் அரசாங்க அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். எந்த ஊர், எந்த இலாகா என்பது வேண்டாம். அத்தை இந்த நாட்டில் பிறந்தவர். நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. மூன்றாவது தடவை போகிறோம். முகப்பில் இருந்தவர் பத்திரத்தை மேசைமேல் வீசினார். இவ்வளவு காலம் இருந்தும் மொழி தெரியாதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அத்தை என்ன செய்தார் தெரியுமா? கும்பிட்டார். "பரவால்லப்பா, பெரிய மனுஷங்க அப்படித்தான் பேசுவாங்க" என்று என்னைச் சமாதானப்படுத்தினார்.

அந்த இடத்திலும் அத்தை சைக்கிளை விட்டு இறங்கித்தான் நின்றார்.

எல்லா முகப்பிலும் அப்படி இல்லை. "மாக் சிக்" என்று எழுந்து நின்று நாற்காலி போட்டுக் கொடுத்த மலாய்க்காரப் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். மரியாதை எந்த இனத்துக்கும் பட்டா போட்ட சொத்து இல்லை. நாம் எதிர்ப்பது இனத்தை அல்ல. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் எதிரே நிற்பவன் கூலி என்று நினைக்கும் புத்தியை எதிர்க்கிறோம்.

1970 ஆகஸ்ட் 31இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவில் ஐந்து கோட்பாடுகள். ஐந்தாவது நன்னடத்தையும் ஒழுக்கமும். நம் பிள்ளைகள் பள்ளிச் சபையில் கையை உயர்த்தி ஒப்பிக்கிறார்கள். அந்த ஐந்தாவது கோட்பாடு ஏழைக்கு மட்டும் எழுதப்பட்டதா? முகப்புக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்கு மட்டும்தானா?

அதனால் சொல்கிறேன். அடுத்த தடவை உங்களையோ உங்கள் ஆயாவையோ யாராவது அவமதித்தால் கும்பிடாதீர்கள். கத்தவும் வேண்டாம். கத்தினால் "இவர்கள் முரடர்கள்" என்று எழுதிவிடுவார்கள். நிமிர்ந்து நின்று நிதானமாகப் பெயரைக் கேளுங்கள். தேதியையும் நேரத்தையும் முகப்பு எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வரியில் மலாயில் புகார் எழுதி அலுவலகத் தலைவரிடம் கொடுங்கள். நகல் ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது பாடம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் இருவராகப் போங்கள். கிள்ளானில் யாரும் தனியாகக் கேட்கவில்லை.

வேலையிடத்தில் மேற்பார்வையாளர் தாயை இழுத்துத் திட்டினால் அதையும் கூலிப் பிரச்சினை மாதிரியே சங்கத்தில் வையுங்கள். "இதெல்லாம் ஒரு கோரிக்கையா?" என்று சங்கத் தலைவர் சிரித்தால், 1941 பட்டியலை அவர் முன்னால் வையுங்கள்.

நீங்களே மேற்பார்வையாளராக இருந்தால், உங்கள் கீழே வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் "கொஞ்சம் தண்ணி தரியாம்மா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கல்யாண வீட்டுப் பெரியவரே, உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்களும் அந்த வளைவில் இறங்கி நடந்தவராகத்தான் இருப்பீர்கள். அடுத்த விருந்தில் சந்தித்தால் உங்கள் பக்கத்தில் உட்காருவேன். உங்களுக்கு நான்தான் சோறு பரிமாறுவேன். அது பயத்தில் செய்வது இல்லை ஐயா, பாசத்தில் செய்வது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொன்னால் மட்டும் இனி தலையாட்ட மாட்டேன்.

எங்கள் தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது. லயம் இல்லை. பங்களா இடிந்து செடி மண்டிக் கிடக்கிறது. போன வருடம் என் மகனை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு அந்தச் செம்மண் ரோட்டில் போனேன். வளைவு வந்தது. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. மகன் பின்னாலிருந்து கேட்டான், "ஏம்பா?"

நிறுத்தவில்லை. ஓட்டிக்கொண்டே போனேன்.